குலசேகரத்திலிருந்து சிங்கப்பூர்: தனியாக ஒரு நாள், ஒரே நீலப் பாதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்துக்குள்ளே இருக்கிறது. அப்பா ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளி. நான் பள்ளி ஆசிரியை. போன கோடை விடுமுறையில் சிங்கப்பூருக்குத் தனியாகப் போய் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தேன். அதில் ஒரு நாளை, விடியும் முன்னிருந்து ராத்திரி வரைக்கும், யார் துணையும் இல்லாமல் நகரைச் சுற்றுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். திரும்பி வந்த நாள் முதல் ஆசிரியர் அறையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்டவர்களுக்கும் இனிமேல் போகிறவர்களுக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

“ஒரு பொம்பள தனியாட்டா போனிய? பேடி இல்லியா?”

முதலில் கேட்டது பக்கத்து வீட்டு மயினி. பேடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பயம். பேடி இருந்தது. விமானம் ஏறும்வரை நன்றாகவே இருந்தது. சிங்கப்பூரில் இறங்கி அரை நாள் ஆனதும் குறைந்தது. ராத்திரி பத்து மணிக்கு ரயிலில் பார்த்தால், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊரில் பெண்கள் ராத்திரி ரயிலில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால் அந்த ஊரை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

அதற்காகக் கவனம் இல்லாமல் இருக்க வேண்டாம். தங்கும் இடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறையில் வைத்திருந்தேன். அன்றைக்கு எங்கெங்கே போகிறேன் என்பதைக் காலையிலேயே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. இரண்டையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசியாவில் எத்தனையோ பெரிய நகரம் இருக்க, ஏன் சிங்கப்பூர்?

ரப்பருக்காக.

எங்கள் பக்கம் எல்லா வீட்டுக்கும் ரப்பரோடு ஏதாவது ஒரு தொடர்பு உண்டு. ஒரு வீட்டில் பால் வெட்டுவார்கள், இன்னொரு வீட்டில் ஷீட் அடிப்பார்கள், வேறொரு வீட்டில் ஒட்டுப்பால் எடுத்து விற்பார்கள். அப்பா விடியற்காலை மூன்றரைக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அவர் கத்தியைப் பட்டையில் வைத்து இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தேன். அந்த வெட்டை யார் கண்டுபிடித்தது என்று எனக்கு நெடுநாள் தெரியாது. தலைமுறை தலைமுறையாக நம்முடையது என்றே நினைத்திருந்தேன்.

ரப்பர் மரம் பிரேசில் காட்டு மரம். 1876இல் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. முளைத்தது அதில் சிறு பங்குதான். பெரும்பகுதிக் கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம், 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. மரம் வளர்ந்தது. ஆனால் மரத்தைக் கெடுக்காமல் தினமும் பால் எடுக்க வழி தெரியவில்லை. பிரேசிலில் கோடாரியால் கொத்தித்தான் எடுத்தார்கள். 1888இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, வருடக்கணக்கில் அந்த மரங்களில் வெட்டிப் பார்த்துத்தான் வழி கண்டார். மரத்தில் புதிது புதிதாகக் காயம் செய்ய வேண்டாம். முந்தின வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவினால் போதும், மறுபடி பால் வரும். பட்டையும் ஆறி வளரும். அப்பா தினமும் செய்வது இதுதான். நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவதும் இதனால்தான்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

எப்படிப் போக வேண்டும்? மெட்ராஸுக்குப் போகணுமா?

வேண்டாம். நமக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். அங்கிருந்தே சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம். களியக்காவிளையிலும் பாலராமபுரத்திலும் எப்போது நெரிசலில் மாட்டுவோம் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு மணி நேரம் கூட வைத்துக் கிளம்புங்கள். விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ராத்திரி ஏறினேன், விடியற்காலையில் இறங்கினேன். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது.

விசா எடுப்பது கஷ்டமா?

கஷ்டம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம் தேவை. அவர்கள் அங்கீகரித்த முகவர்கள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் முகவரின் கூலி. நான் முதலில் விசாரித்த இடத்தில் கேட்ட கூலி நியாயமே இல்லை. இரண்டாவது இடத்தில் பாதிக்கும் குறைவாக முடிந்தது. அங்கீகாரம் உள்ளவர்தானா என்று பார்த்து, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் மறந்துபோவது. இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது?

நம் வீட்டு அம்மைமார் கவனிக்க வேண்டியது கசகசா. மசாலாவோடு அரைத்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். மெல்லுகிற புகையிலை, இ-சிகரெட், சூயிங்கம் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்கூட வரி விலக்கு இல்லை. நம் ஊர் இறைச்சி வகைகளும் வேண்டாம். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை எடுப்பவர்கள் போகும் முன்பே அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கொண்டுபோனேன். தடையில்லாமல் வந்தது.

போன் சார்ஜர் அங்கே பொருந்துமா?

பொருந்தாது. அங்கே சதுர முள் மூன்று உள்ள பிளக். அடாப்டர் ஒன்றை நாகர்கோவிலிலேயே வாங்கிவிடுங்கள்.

வழி தெரியாத ஊரில் ரயிலில் எப்படிப் போனீர்கள்?

நகர வரைபடத்தில் ஏழெட்டு நிறத்தில் கோடுகள் பின்னிக் கிடக்கும். பார்த்ததும் தலை சுற்றும். நான் அதில் ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டேன். டவுன்டவுன் பாதை, நீல நிறம். நான் பார்க்க நினைத்த எல்லாமே அந்த ஒரே கோட்டில் இருந்தது. தாவரவியல் தோட்டம், லிட்டில் இந்தியா, தெலுக் ஆயர், சைனாடவுன், கடலோரத்து பேஃப்ரண்ட். விமான நிலையத்திலிருந்துகூட ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் மாறினால் இதே நீலம்தான். தனியாகப் போகிற எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஊர் முழுவதையும் படிக்க வேண்டாம், ஒரு பாதையைப் படியுங்கள்.

டிக்கெட் கவுன்ட்டரில் நிற்க வேண்டியதில்லை. தொட்டுப் பணம் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டை இருந்தால் வாயிலில் தொட்டு உள்ளே போகலாம், வெளியே வரும்போது மறுபடி தொட வேண்டும். வங்கி அட்டைக்குப் பதில் ஈசி-லிங்க் அட்டையும் வாங்கலாம். பக்கத்துப் பயணம் ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளிக்குள் முடிந்தது. அங்கே தமிழர்கள் டாலரை ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நம் பணத்தில் 60 ரூபாய்க்கு மேல். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தால்கூட அபராதம் என்பதை மறக்காதீர்கள். வாயிலைத் தாண்டும் முன்பே குடித்துவிடுங்கள்.

அந்த ஒரு நாளை எப்படித் தொடங்கினீர்கள்?

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன அறையில் தங்கியிருந்தேன். சிங்கப்பூரில் சூரியன் எழவே ஏழு மணி ஆகிறது. தாவரவியல் தோட்டமோ காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும், அனுமதி இலவசம். லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிறுத்தம். ஆறரைக்கு உள்ளே போனபோது நல்ல இருட்டு. பாதை விளக்கு வெளிச்சத்தில் சில பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். மண் ஈர வாசனையும் இலை அழுகிய வாசனையும் சேர்ந்து வந்தது. அப்பா தோட்டத்தில் இறங்கும் நேரத்து வாசனை இது. கண்ணை மூடினால் குலசேகரம்தான்.

தோட்டம் 1859இல் தொடங்கியது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, வழியில் அங்கங்கே நின்றுவிட்டேன். புல்வெளியில் ஒரு தெம்புசு மரம் நிற்கிறது. ஒரு பெரிய கிளை தரையை ஒட்டிப் படுத்து, பிறகு மேலே எழும்புகிறது. அங்கத்து ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்த மரம்தான். நோட்டை எடுத்து மரத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தோட்டத்தைவிட இந்த மரத்துக்கு வயது கூடுதல்.

ரப்பர் மரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. காலடியில் ஒரு விதை கிடந்தது. வழவழப்பு, பழுப்பு நிறம், மேலே கரும்புள்ளி. சின்ன வயதில் அதைத் தரையில் உரசிச் சூடாக்கி ஒருவர் கையில் ஒருவர் வைத்து விளையாடுவோம். அண்ணாந்து பார்த்தால் மூன்று மூன்றாக இலை. பட்டையில் கையை வைத்தேன். வெட்டே படாத பட்டை. வெட்டுப்படாத பெரிய ரப்பர் மரத்தை நான் அதற்கு முன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் மரம் கைக்கு வந்ததும் கத்தி வந்துவிடும்.

ரப்பர் பற்றி அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

டாங்லின் வாசல் பக்கம் ஹோல்ட்டம் மண்டபம் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. தோட்டத்தின் வரலாற்று அருங்காட்சியகம் அதற்குள்தான். காலை ஒன்பதுக்குத் திறக்கும். சின்ன இடம், கூட்டம் இல்லை. ரப்பரின் கதையும் அங்கே உண்டு. பால்வெட்டிய மரத்தின் பக்கத்தில் ரிட்லி நிற்கிற பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்தேன். மரத்தில் மீன் முள் மாதிரி வெட்டு. நடுவே நேராக ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்குகிற கோடுகள். நம் ஊர் வெட்டு அப்படி இல்லை. ஒரு பக்கமாக அரைச் சுற்று, இடமிருந்து வலத்துக்குச் சரிவு, அடியில் சிரட்டை. அந்தப் படத்தை போனில் எடுத்துக்கொண்டேன், அப்பாவுக்காக.

ரிட்லிக்கு அந்தக் காலத்தில் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டப்பெயர். தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ரப்பர் விதையை எடுத்து, இதை நடு என்று கையில் திணிப்பாராம். காப்பி பயிரிட்ட தோட்டக்காரர்கள் கேட்கவில்லை. பிறகு மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, மலாயா முழுக்க ரப்பர் ஆனது. அந்தத் தோட்டங்களில் பால்வெட்டப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். கூலியாகக் கப்பலேறிப் போன அவர்கள் மலாயாவில் பிடித்த கத்தியைத்தான் அப்பா குலசேகரத்தில் பிடிக்கிறார். அருங்காட்சியகத்தில் நின்றபோது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. கண்டுபிடித்தவர் பெயர் இருக்கிறது, வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956 அக்டோபரில் இறந்தார். அடுத்த மாதம் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் தேதியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நம்ம ஊர் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். தோட்டத்திலிருந்து திரும்பும்போது டாங்லின் வாசலுக்கு வெளியே நேப்பியர் நிலையத்தில் ஏறி, ஒரே நிறுத்தத்தில் ஸ்டீவன்ஸில் மாறினால் மறுபடி நீலப் பாதை. பதினொரு மணிக்குத் தேக்காவில் இருந்தேன். லிட்டில் இந்தியா வட்டாரத்தை அங்கத்துத் தமிழர்கள் தேக்கா என்கிறார்கள். நான் தேக்கு மரம் என்று நினைத்தேன். அது ஹொக்கியன் சீனச் சொல்லாம், மூங்கிலடி என்று பொருள்.

அங்கே தேக்கா சென்டர் என்ற கட்டடத்தில் ஒரு பக்கம் சந்தை, ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். முதலில் மீன் பக்கம் போனேன், குளச்சல் மீன் வாங்கிப் பழகிய கண்ணுக்கு அங்கே நிறைய வேலை. நெய்மீன், வாவல், பாறை எல்லாம் ஐஸில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அரிகிற ஆள் நெய்மீனைத் துண்டு போட்ட வேகமும் கத்தியைத் துடைக்கிற பாங்கும் நம் சந்தைதான். தரையில் ஈரம், அதே உரத்த பேச்சு.

சாப்பாட்டுப் பக்கம் தோசை, பரோட்டா, பிரியாணி, சீனர் நூடுல்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. உட்கார இடம் பிடிக்க மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது இருந்தால் அந்த மேசை ஆளுள்ள மேசை. தெரியாமல் உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், அது சட்டம். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். தேங்காய் அரைப்பு நம் கைப்பக்குவம் இல்லை. புளி தூக்கலாக இருந்தது. ஆனாலும் மூன்று நாளில் முதல் தடவையாக வயிறு நிறைந்தது. தே தாரிக் குடிக்காமல் வராதீர்கள். நம் கடையில் அடிக்கிற சாயாதான், பால் மட்டும் டின் பால்.

மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீனும் கேட்டவர்களுக்கு: சந்தையில் கிழங்கு பார்த்தேன். அவித்துச் சாளைக்கறியோடு விற்கிற கடையை நான் பார்க்கவில்லை.

தமிழ் மட்டும் பேசிச் சமாளிக்க முடியுமா?

தேக்காவில் முடியும். மற்ற இடங்களில் கொஞ்சம் இங்கிலீஷ் வேண்டும். ஆனால் தமிழ் அங்கே ஆட்சிமொழி நான்கில் ஒன்று. நிலையப் பெயர்ப் பலகையிலும் நாணயத்திலும் தமிழ் எழுத்து இருக்கிறது, ரயில் அறிவிப்பும் தமிழில் வருகிறது. ஒரு நாணயத்தை வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டின் காசில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருக்கிறது.

தே தாரிக் போட்டவர் என் பேச்சைக் கேட்டதும் “மலையாளமாம்மா?” என்றார். நம் மாவட்டத்துக்கு வெளியே எங்கே போனாலும் இந்தக் கேள்விதான். “இல்லண்ணே, தமிழ்தான். குமரி மாவட்டம்” என்றேன். பக்கத்து மேசையில் கப்பல் பட்டறைச் சீருடையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி சட்டென்று திரும்பி, “அக்கா, நாரோல் பக்கமா? நான் கருங்கல்” என்றார். நாரோல் என்றால் நாகர்கோவில், கருங்கல் எங்கள் மாவட்டத்து ஊர். நாலு வருடமாக ஊருக்கு வரவில்லையாம். முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் உடனே பிரிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கோயில்கள் பார்த்தீர்களா?

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடை சாத்தும் முன் போய்விட்டேன். 1881இல் அமைந்த கோயில். அந்தக் காலத்தில் சுற்றிலும் சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே பெயர். மத்தியானம் சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பு.

பக்கத்திலேயே கெர்பாவ் சாலையில், ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு நிறம் அடித்த சீனர் வீடு ஒன்று இருக்கிறது. டான் டெங் நியா என்ற மிட்டாய் வியாபாரி 1900இல் கட்டியது. எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அவருக்கு அங்கேயே ரப்பர் உலர்த்தும் புகைப்புரையும் இருந்தது, கரும்புச் சக்கையை எரித்துப் புகை போட்டார்கள் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுப் புகைப்புரையில் ரப்பர் விறகுதான். நான் அந்த வீட்டின் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் சைனாடவுன் மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது, ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். அதே தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்களின் ஜாமிஆ மசூதி.

மழை வந்தால்?

வந்தது. இரண்டு மணிக்கு வானம் கறுத்து, நம் ஊர் இடவப்பாதி மழை மாதிரி ஊற்றியது. அங்கே பழைய கடைவரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஓடும். தமிழர்கள் ‘அஞ்சடி’ என்பார்கள், ஐந்தடி அகலம் என்று கணக்கு. அதில் நடந்தே நிலையம் வரை நனையாமல் வந்துவிடலாம். குடை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும்.

கூட்டம் இல்லாத, மனதில் நின்ற ஓர் இடம் சொல்லுங்கள்.

தெலுக் ஆயர் தெரு. இன்றைக்குச் சுற்றிலும் வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். ஆனால் ஒரு காலத்தில் கடல் இந்தத் தெருவின் ஓரம்வரை இருந்தது. பின்னால் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கினவர்கள் முதலில் கால் வைத்த கரை. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவரவர் தெய்வத்துக்கு அங்கேயே இடம் கட்டினார்கள். சீனர்கள் கடல் தாய் மாசுவுக்கு தியான் ஹொக் கெங் கோயில் கட்டினார்கள். அதற்குச் சில அடி தள்ளி நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையே சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள் கட்டியது. நாகூரிலிருக்கும் தர்காவின் நினைவாக இங்கே ஒன்று. கோபுரம் சின்னது, அடுக்கடுக்காக மாடம் வைத்தது.

நம் முட்டத்திலும் கோவளத்திலும் கடலுக்குப் போகிறவர்கள் மாதாவைக் கும்பிட்டுவிட்டு வள்ளத்தைத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் எந்த மதமானாலும் கரையில் ஒரு விளக்கு வைக்காமல் இருந்ததில்லை. அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் இருந்தேன். கடல் இல்லை, ஆனால் எதிர்க்காற்றில் உப்பு இருப்பதாகவே தோன்றியது.

ராத்திரி என்ன செய்தீர்கள்?

பேஃப்ரண்ட் நிலையத்தில் இறங்கினால் கடலோரத் தோட்டம். அங்கே 25 முதல் 50 மீட்டர் உயரம்வரை இரும்பு மரங்கள் நிற்கின்றன. மாலை 7.45க்கும் 8.45க்கும் பாட்டோடு விளக்கு எரிய விடுகிறார்கள், இலவசம். எல்லாரும் தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள். நானும் படுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்த உண்மையான மரங்கள் எனக்குப் போதும்.

ஏதாவது தவறாக நடந்ததா?

ஒன்று நடந்தது. என் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நான் திறந்துவிடாமலே போய்விட்டேன். முதல் நாள் ரயில் வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வரிசை. நிலைய ஊழியர் அம்மா ஒருவர் வந்து, அவசரப்படுத்தாமல், ரொக்கம் கொடுத்து அட்டை வாங்கும் இடத்தைக் காட்டினார். கையில் மாற்றி வைத்த 100 வெள்ளி இருந்ததால் பிரச்சினை இல்லை. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்து வையுங்கள். ரொக்கமும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளுக்கு எவ்வளவு செலவு?

ரயிலுக்கு எட்டு வெள்ளிக்கும் குறைவு. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு தே தாரிக், ஓர் இளநீர் எல்லாம் சேர்த்து 25 வெள்ளி. இளநீர் நம் ஊரை நினைத்தால் கொடிய விலை. தண்ணீர் வாங்க வேண்டாம், அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டிலைக் கையில் வைத்திருங்கள். அறை வாடகைதான் பெரிய செலவு. இரண்டு வருடம் சீட்டு போட்டுத்தான் போனேன்.

சென்டோசா தீவுக்குப் போகவில்லையா? யுனிவர்சல் பூங்காவுக்குப் போகவில்லையா? பிறகு என்ன சிங்கப்பூர் பார்த்தீர்கள்?

இதை ஆசிரியர் அறையில் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். போகவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும், அவர்களுக்கு அது நல்ல நாள். தனியாகப் போகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. யாருக்காகவும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு ஏதாவது ஒரு நூல் போகும். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது துணியாக இருக்கும், கடற்கரைப் பிள்ளைக்குக் கப்பலாக இருக்கும். எனக்கு ரப்பர். அந்த நூலைப் பிடித்துப் போனால் ஒரு நாள் போதாது.

அப்பா என்ன சொன்னார்?

வந்த அன்றைக்கு ராத்திரி போனில் அந்த மீன்முள் வெட்டுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார். கண்டுபிடித்தவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ரெண்டு பக்கமும் கீறியிருக்கான். இப்படி வெட்டினா பட்டை எப்ப ஆறும்? மரத்துக்கு ரெஸ்ட் வேண்டாமா?” என்றார். அந்த வெட்டைத்தான் பின்னால் திருத்தி ஒரு பக்க வெட்டாக்கினார்கள் என்று சொன்னேன். “அப்பம் சரி” என்றார்.

பிறகு அந்த விதையை நான் போனில் எடுத்த படத்தைப் பார்த்தார். விதையை எடுத்து வரவில்லை, அங்கத்துத் தோட்டத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. “நம்ம விதைதான்” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த தடவை அவரையும் கூட்டிப் போவீர்களா?

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. மாசி வாக்கில் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது வெட்டு நிற்கும். அவருக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான். மறுபடி சீட்டு தொடங்கியிருக்கிறேன், இந்தத் தடவை இரண்டு பேருக்கு.